பிள்ளை முதலில் யாரிடம் சொல்லும்?

மகன் ஆறாம் வகுப்புக்குப் போகிறான். வகுப்பில் பாதிப் பேரிடம் செல்போன் இருக்கிறதாம். நாமும் வாங்கித் தரலாமா?
– ஒரு தாய், கும்பகோணம்

மீதிப் பாதிப் பேரிடம் இல்லை என்றுதானே அர்த்தம்! இன்னும் இரண்டு மூன்று வருஷம் அவன் அந்தப் பாதியிலேயே இருக்கட்டும்.

ஹோம்வொர்க் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது, மறுக்கவில்லை. அதற்கு வீட்டுக்குப் பொதுவாக ஒரு போன் போதும். சிம் உங்கள் பெயரில் இருக்கட்டும். கூகுளின் ஃபேமிலி லிங்க் என்ற இலவச ஆப் மூலம் அவனுக்கு உங்கள் கணக்கின் கீழ் ஒரு பிள்ளைக் கணக்கு திறந்து கொடுங்கள். எந்த ஆப்பை இறக்கலாம், எத்தனை மணிக்குப் போன் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் உங்கள் போனிலிருந்தே வைத்துவிடலாம். வைக்கும்போது அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எதைப் பூட்டுகிறீர்கள், ஏன் பூட்டுகிறீர்கள் என்று அவனுக்கும் தெரியட்டும்.

சார்ஜர் ஹாலில் இருக்கட்டும். இரவு ஒன்பதரை மணிக்கு வீட்டிலுள்ள எல்லாப் போனும், உங்களுடையதும் சேர்த்து, அங்கே போய்விட வேண்டும்.

மகளுக்கு 14 வயது. அவள் தூங்கிய பிறகு அவள் போனை எடுத்துப் பார்க்கிறேன். தப்பா?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பார்ப்பது தப்பில்லை. ஒளிந்து பார்ப்பதில்தான் சிக்கல். ஒரு நாள் கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்த மறுநாளே வேறு பெயரில் இன்னொரு ஐடி திறப்பாள். நீங்கள் பழைய ஐடியைப் பார்த்து நிம்மதியாக இருப்பீர்கள், அவள் புதிய ஐடியில் தனியாக இருப்பாள்.

அவளிடமே சொல்லிவிடுங்கள்: "வாரத்துக்கு ஒரு நாள் ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். யார் யாரோட பேசுறேன்னு எனக்குத் தெரியணும். என்ன பேசுறேன்னு படிக்க மாட்டேன்." பத்து வயதுப் பிள்ளையின் போனில் எல்லாவற்றையும் பார்க்கலாம். பதினாலில் ஆள் யார் என்று தெரிந்தால் போதும். பதினேழில் அவளாகச் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். அதற்குள் சொல்லும் பழக்கம் வந்திருக்க வேண்டும்.

பிள்ளைக்குத் தெரியாமல் போனில் போட்டு வேவு பார்க்கும் ஆப்கள் பக்கமே போகாதீர்கள். உங்கள் மகளின் படமும், அவள் போகும் வரும் இடமும் முகம் தெரியாத ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும்.

மகனுக்கு 15 வயது. இன்ஸ்டாவில் ஒரு பெண் பெயரில் யாரோ பழகியிருக்கிறார்கள். வீடியோ காலில் ஏதோ செய்ய வைத்துப் பதிவு பண்ணிக்கொண்டு, இப்போது பணம் கேட்கிறார்கள். நேற்று இரவுதான் சொன்னான். கை கால் ஓடவில்லை.
– ஒரு தந்தை, சேலம்

சொல்லிவிட்டான் அல்லவா? இதில் மிகக் கஷ்டமான வேலையை உங்கள் பையன் முடித்துவிட்டான். மீதி உங்களால் ஆகக்கூடியதுதான்.

பணம் அனுப்பாதீர்கள். ஐந்நூறு ரூபாய் போனாலும் "இந்த வீட்டில் கறக்கலாம்" என்று தெரிந்துகொள்வார்கள், அடுத்த தொகை ஏறும். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள், 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள். எந்த யுபிஐ ஐடிக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு போனது என்று சொன்னால், பணம் அடுத்தடுத்த அக்கவுண்டுக்குத் தாவுவதற்கு முன் மடக்கப் பார்ப்பார்கள். இங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

பதறிப்போய் எதையும் அழித்துவிடாதீர்கள். மிரட்டிய மெசேஜ், அந்த ஐடியின் பெயர், அதன் லிங்க், பணம் கேட்ட எண், தேதி, நேரம் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பையனின் படத்தையோ வீடியோவையோ மட்டும் பிரதி எடுக்க வேண்டாம், யாருக்கும் அனுப்ப வேண்டாம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் அப்படிப்பட்ட படத்தை அனுப்புவது, நல்ல எண்ணத்தோடு செய்தாலும், உங்களையே சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். எடுத்து வைத்த பிறகு அந்த ஐடியைப் பற்றி இன்ஸ்டாவிலேயே புகார் கொடுத்து பிளாக் செய்யுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற மத்திய அரசுத் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பற்றிய குற்றங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, அங்கே புகாரைப் பதியுங்கள். உங்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போவது இன்னும் நல்லது.

"வெளியே விட்டுவிடுவானோ" என்பதுதான் இப்போது உங்கள் வீட்டைப் பிடித்து ஆட்டும் பயம். அதற்கும் ஒரு வழி உண்டு. அமெரிக்காவில் காணாமல்போகும், சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம் 2023-இல் 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவையைத் தொடங்கியது. இந்தியாவிலிருந்தும் பயன்படுத்தலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. படம் உங்கள் போனைவிட்டு எங்கும் போகாது. அந்தப் படத்துக்கு மட்டுமே உரிய ஒரு நீள எண் போனிலேயே உருவாகும். கைரேகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ரேகை மட்டும் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்று இதில் சேர்ந்துள்ள கம்பெனிகளுக்குப் போகும். அதே ரேகையுள்ள படத்தை அங்கே யாராவது ஏற்றினால் பிடித்து நீக்குவார்கள். வாட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் அனுப்புவதை இதனால் தடுக்க முடியாது. படம் உங்கள் பையனின் போனில் இருந்தால்தான் ரேகை எடுக்கவும் முடியும். அப்படியும் இது பெரிய உதவி.

என் அக்கா மகன் விஷயத்தில் இதே கதையை நேரில் பார்த்தேன். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். போனைக் கவிழ்த்து வைத்திருந்தான். அது உறுமிக்கொண்டே இருந்தது, அவன் ஒவ்வொரு உறுமலுக்கும் கண்ணை மூடித் திறந்தான். "மாமா, அப்பாவுக்குத் தெரிஞ்சா போனைப் பிடுங்கிடுவாரு" என்றான். கவனியுங்கள், மானம் போய்விடும் என்று அவன் முதலில் சொல்லவில்லை. போன் போய்விடும் என்பதுதான் முதலில் வந்தது. பாட்டியின் போனிலிருந்து 2,500 ரூபாய் அனுப்பியும் இருந்தான். ஒன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை. போன் பறிபோகும் என்ற பயம் இல்லாதிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பான் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே ஐயா, இன்று போனைப் பிடுங்காதீர்கள். "ஏன் செஞ்சே" என்ற கேள்வியை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். இந்த வாரம் அவன் தனி அறையில் படுக்க வேண்டாம், நீங்களோ அவன் அம்மாவோ பக்கத்தில் படுங்கள். மிரட்டலுக்கு ஆளான பிள்ளைகள் அவமானத்தில் தங்களையே முடித்துக்கொள்ளப் பார்த்தது உண்டு. அவனிடம் நேராகவே கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

போலீஸுக்குப் போனால் பிள்ளையின் பெயர் ஊரெல்லாம் தெரிந்துவிடுமே?
– ஒரு வாசகி, உடுமலைப்பேட்டை

இந்தப் பயம் காரணமில்லாமல் வரவில்லை. 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் புகார் கொடுத்த மாணவியின் பெயர் வெளியே வந்தது. அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. செய்யக் கூடாததைச் செய்தார்கள் என்பதற்கு அந்த உத்தரவே சாட்சி.

உங்கள் பிள்ளைக்குப் பாதுகாப்பு போக்சோ சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த இந்தச் சட்டம், குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, குடும்பம் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது. குழந்தையிடம் வாக்குமூலம் வாங்க அதன் வீட்டுக்கோ, அது விரும்பும் இடத்துக்கோதான் வர வேண்டும். கூடியவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும். காக்கி உடுப்பில் வரக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. இவையெல்லாம் உங்கள் பிள்ளைக்கு உரிமையாக வருபவை. புகார் கொடுக்கப் போகும்போதே "24-ஆம் பிரிவுப்படி வீட்டுக்கு வந்து கேளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். பிரிவு எண்ணைச் சொல்லிக் கேட்கும் தாய்க்குக் கிடைக்கும் மரியாதையே வேறு.

பொள்ளாச்சியில் அந்த ஒரு மாணவி வீட்டில் வாய்திறந்து சொன்னார், வீட்டார் பக்கத்தில் நின்றார்கள். அதனால்தான் மற்றவை வெளியே வந்தன. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது.

பேரப் பிள்ளைகளின் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தால் மருமகள் கோபித்துக்கொள்கிறாள். தாத்தாவுக்கு அந்த உரிமைகூடக் கிடையாதா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மன்னார்குடி

ஐயா, உங்கள் ஸ்டேட்டஸை யார் யார் பார்க்கிறார்கள்? பால்காரர், பழைய வீட்டுத் தரகர், எப்போதோ கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த தம்பி, இவர்கள் நம்பரும் உங்கள் போனில் இருக்கிறது அல்லவா? பேத்தி பள்ளிச் சீருடையில் நிற்கிறாள், பேட்ஜில் பெயரும் வகுப்பும் தெரிகிறது, பின்னால் பள்ளியின் பலகை, கீழே "ஹேப்பி பர்த்டே". ஒரே படத்தில் ஒரு குழந்தையின் முழு விலாசமும் போய்விட்டது.

சீருடை, பெயர்ப் பலகை, வீட்டு வாசல், குளிக்கும் படம் இவற்றை விட்டுவிடுங்கள். மற்றதை வையுங்கள், ஸ்டேட்டஸ் அமைப்பில் குடும்பத்தாரை மட்டும் தேர்ந்தெடுத்து. பேத்திக்கு ஏழு எட்டு வயது ஆகிவிட்டதென்றால் அவளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். "போடட்டுமா கண்ணு?" என்று தாத்தா கேட்டுப் பழக்கினால், நாளைக்கு வேறொருவன் கேட்காமல் எடுக்கும்போது அவளுக்கு உறுத்தும்.

முன்பின் தெரியாதவர்கள் மகனை வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிடுகிறார்கள்.
– ஒரு தாய், காரைக்குடி

செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ். அங்கே "என் தொடர்புகள் மட்டும்" என்று மாற்றுங்கள். அதே பக்கத்தில் கால்ஸ் என்பதற்குள் தெரியாத எண்களின் அழைப்பை ஒலிக்காமல் ஆக்கும் வசதியும் இருக்கிறது. இரண்டும் சேர்த்து ஒரு நிமிஷ வேலை.

பதினோராயிரம் ரூபாய் அக்கவுண்டிலிருந்து போய்விட்டது. விசாரித்தால் ஏழாவது படிக்கும் மகன் கேமில் டைமண்ட் வாங்கியிருக்கிறான். சூதாட்டத்தைத்தான் தடை செய்துவிட்டார்களே?
– மளிகைக் கடைக்காரர், விருதுநகர்

தடை செய்திருப்பது வேறு, உங்கள் மகன் ஆடியது வேறு. ஜெயித்தால் பணம் வரும் என்று பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டு நாடு முழுக்கத் தடுத்தது. தமிழ்நாடு 2022-இலேயே தனிச்சட்டம் கொண்டுவந்தது. துப்பாக்கிக்கு வண்ணம், உடுப்புக்கு மினுக்கு என்று விற்பது அதில் வராது. வாங்கிய டைமண்டுக்கு வெளியே காலணா மதிப்பில்லை, ஆனால் வகுப்பில் மதிப்பு இருக்கிறது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறவனை மற்ற பையன்கள் சூழ்ந்து நிற்பதுபோல, புது 'ஸ்கின்' வைத்திருப்பவனைச் சூழ்ந்து நிற்கிறார்கள். அவன் ஏங்கியது அதற்குத்தான். திட்டுவதற்கு முன் இதைப் புரிந்துகொள்ளுங்கள்.

பணத்துக்கு வருவோம். பிளே ஸ்டோர் வழியாக வாங்கியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் பணத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பியுங்கள், தாண்டிவிட்டால் கேமை நடத்தும் கம்பெனியிடம் எழுத வேண்டும். இன்றைக்கே பிளே ஸ்டோரின் செட்டிங்ஸில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். யுபிஐ பின் அவனுக்கு எப்படித் தெரிந்தது? கல்லாவில் கூட்டமாக இருக்கும்போது "நீயே போடுடா" என்று நீங்கள்தான் சொல்லியிருப்பீர்கள். பின்னை மாற்றுங்கள்.

இன்னொன்றையும் அவனிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். கேமுக்குள் சாட்டில் யாராவது "இலவசமா டைமண்ட் தர்றேன், அம்மா போனுக்கு வர்ற ஓ.டி.பி.யை மட்டும் சொல்லு" என்றார்களா? ஆமாம் என்றால் இது பிள்ளையின் ஆசையோடு நிற்கவில்லை, திருட்டு. 1930-ஐ அழையுங்கள். பணம் வாங்க பின்னும் வேண்டாம், ஓ.டி.பி.யும் வேண்டாம் என்பதைக் கடைக்காரர் மகன் எல்லோருக்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் பத்தாம் வகுப்பு. சாப்பிடும்போது அப்பா போனில் ஷார்ட்ஸ் பார்க்கிறார். எனக்கு மட்டும் தடை. நியாயமா?
– ஒரு மாணவன், நாகர்கோவில்

நியாயமில்லை, தம்பி. இந்தப் பக்கத்தை மடித்து அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வை.

அப்பாவுக்கு: சார், பையன் கேட்டது சரி. தட்டு வைத்தால் எல்லோருடைய போனும் ஹாலுக்குப் போகட்டும். உங்களுக்கு ஆபீஸ் கால் வரும் என்றால் ரிங்டோன் சத்தம் போதும், திரை வேண்டாம். தட்டுக்கு முன்னால் கிடைக்கிற அந்த இருபது நிமிஷத்தில்தான் பிள்ளைகள் "ஸ்கூல்ல இன்னிக்கு ஒண்ணு நடந்துச்சு" என்று ஆரம்பிப்பார்கள். உங்கள் கண் திரையில் இருந்தால் ஆரம்பிக்கவே மாட்டார்கள்.

வகுப்பில் ஒருவன் என் தோழியின் போட்டோவை ஏஐ வைத்து ஆடையில்லாமல் மாற்றி குரூப்பில் போட்டுவிட்டான். பள்ளியில் "படிப்பைப் பாருங்க, பெருசு பண்ணாதீங்க" என்கிறார்கள். அவள் பள்ளிக்கே வரவில்லை.
– பிளஸ் ஒன் மாணவி, ஊர் வேண்டாம்

கண்ணு, தோழிக்காக எழுதினாயே, உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

அவளிடம் போய் முதலில் இதைச் சொல்: அந்தப் படத்தில் இருப்பது அவள் உடம்பு இல்லை. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. வெட்கப்பட வேண்டியவன் அவன்.

"ஏஐ படம்தானே, நிஜம் இல்லையே" என்று யாராவது சொன்னால் நம்பாதே. 2019-இல் போக்சோ சட்டத்தைத் திருத்தியபோதே, குழந்தையைப்போலத் தோன்றும்படி கம்ப்யூட்டரில் உருவாக்கிய படத்தையும், மாற்றியமைத்த படத்தையும் குற்றத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். 18 வயது முடியாத எல்லோரும் இந்தச் சட்டத்தில் குழந்தைதான். ஐ.டி. சட்டத்தின் 67பி பிரிவும் சேரும், முதல் முறைக்கே ஐந்து ஆண்டுவரை சிறை. செய்த பையனும் 18-க்குக் கீழ் என்றால் சிறார் நீதிக் குழுமம் விசாரிக்கும். அவனையும் திருத்தத்தான் பார்ப்பார்கள், ஆனால் விட்டுவிட மாட்டார்கள்.

குரூப்பில் இருந்தவர்களும் சும்மா இருக்க முடியாது. இப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பதும் பார்ப்பதும் மட்டும் குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 'குழந்தை ஆபாசப் படம்' என்ற சொல்லையே நீதிமன்றங்கள் பயன்படுத்த வேண்டாம் என்றும் அது சொன்னது. ஆபாசப் படம் என்றால் ஏதோ சம்மதித்து எடுத்ததுபோல் ஆகிவிடும். நடந்திருப்பது ஒரு குழந்தையின் மேல் நடந்த கொடுமை.

இனி உன் பள்ளிக்கு. இந்தக் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது போக்சோவின் 19-ஆம் பிரிவு. தெரிவிக்காமல் மூடி மறைப்பவருக்குச் சிறைகூடக் கிடைக்கலாம், அது 21-ஆம் பிரிவு. தலைமையாசிரியரின் மேசையில் உன் அம்மாவும் அவள் அம்மாவும் சேர்ந்து போய் இந்த இரண்டு எண்களையும் எழுதி வைக்கட்டும். படத்தை யாருக்கும் அனுப்பாதே, டீச்சருக்குக்கூட. எந்த குரூப், யார் போட்டது, எத்தனை மணிக்கு என்று நோட்டில் குறித்துக்கொள். ஆப் நடத்தும் கம்பெனியிலும் புகார் போட வேண்டும். இப்படி மாற்றப்பட்ட படங்களை 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021-இன் ஐ.டி. விதிகளே கெடு வைத்தன. பெரியவர்கள் தயங்கினால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ நீயே அழைக்கலாம், காசு கிடையாது. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-உம் இருக்கிறது.

நாளைக் காலை அவள் வீட்டுக்குப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போ. முடிந்தால் இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொள். ஐந்து பேருக்கு நடுவில் நடந்து வந்தால் அவளுக்கு வாசல் தூரமாகத் தெரியாது.

கல்லூரியில் முதல் வருஷம். பேங்க் அக்கவுண்டைக் கொடுத்தால் மாதம் ஐயாயிரம் தருகிறேன் என்கிறான் சீனியர்.
– ஒரு மாணவன், திருநெல்வேலி

கொடுக்காதே. அதில் வந்து போகப் போவது யாரோ ஒருவரிடம் ஏமாற்றிப் பிடுங்கிய பணம். அந்த ஒருவர் 1930-க்கு அழைத்ததும் உன் அக்கவுண்ட் முடங்கும். பாஸ்புக்கில் இருப்பது உன் பெயர் என்பதால் போலீஸ் முதலில் வருவது உன் வீட்டுக்கு. ஏற்கெனவே கொடுத்திருந்தால் பேங்குக்குப் போய் எழுத்தில் சொல்லி நிறுத்து, அப்பாவிடம் இன்றைக்கே சொல்.

எனக்கு இரண்டும் பையன்கள். பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள்தானே இதற்கெல்லாம் பயப்பட வேண்டும்?
– ஒரு தந்தை, ஓசூர்

மேலே சேலத்திலிருந்து எழுதியவருக்கு இருப்பது மகன். விருதுநகரில் பணத்தை விட்டது மகன். அக்கவுண்டைக் கேட்பது மகனிடம். நிர்வாணப் படத்தை வைத்துப் பணம் பறிக்கும் கும்பல்கள் பதின்பருவப் பையன்களைக் குறிவைப்பது உலகம் முழுக்கப் பார்க்கிற விஷயம். பெண் பிள்ளையிடம் "ஜாக்கிரதை" என்று பத்து முறை சொல்லும் வீடு, பையனிடம் ஒரு முறையும் சொல்வதில்லை. அது தெரிந்துதான் அவனிடம் வருகிறார்கள்.

மேலே மாணவி எழுதினாளே, அவள் தோழியின் படத்தை ஏஐ-யில் மாற்றி குரூப்பில் போட்டவனும் யாரோ ஒரு வீட்டுப் பையன்தான். அவன் வீட்டிலும் "நமக்கென்ன பயம், பையன்தானே" என்று இருந்திருப்பார்கள். உங்கள் பையன்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, ஒரு பெண்ணின் படம் கையில் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே பேசுங்கள். அம்மாவிடம் தள்ளிவிடாதீர்கள். அதை அப்பா வாயால் கேட்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழே சோஷியல் மீடியாவே கிடையாதாம். இங்கேயும் அப்படிச் சட்டம் வந்தால் நம் கவலை தீருமா?
– ஒரு வாசகர், புதுச்சேரி

2025 டிசம்பர் 10 முதல் அங்கே அமலில் இருக்கிறது. தப்பினால் கம்பெனிக்குத்தான் அபராதம், 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர்வரை. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தண்டனை இல்லை. பாரத்தைச் சுமக்க வேண்டியவன் தலையில் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுவரை குழந்தை என்றே சொல்கிறது. பெற்றோர் ஒப்புதல் வேண்டும், குழந்தையைக் குறிவைத்து விளம்பரம் கூடாது என்கிறது.

ஆனால் நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இன்ஸ்டா திறக்கும்போது பிறந்த வருஷம் 1990 என்று போட்டுக் கொடுப்பது யார்? பல வீடுகளில் நாமேதான். இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் 'டீன் அக்கவுண்ட்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது, 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கும் வந்தது. அதில் கணக்கு தானாகவே பூட்டியபடி இருக்கும். பிள்ளை பின்தொடராத, ஏற்கெனவே தொடர்பில் இல்லாத யாரும் மெசேஜ் அனுப்ப முடியாது. இரவு 10 மணி முதல் காலை 7 மணிவரை அறிவிப்பு ஒலிக்காது. 16 வயதுக்குக் கீழ் உள்ளவர் இவற்றைத் தளர்த்த வேண்டுமானால் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். இத்தனையும் சரியான வயதைக் கொடுத்த பிள்ளைக்குத்தான். 1990-இல் பிறந்த பன்னிரண்டு வயதுக்காரிக்கு ஒன்றும் கிடையாது. அவளைப் பெரியவள் என்று நினைத்துப் பெரியவர்களுக்கான எல்லாவற்றையும் திறந்து விடுகிறது ஆப். 13 ஆகவில்லை என்றால் அந்தக் கணக்கை மூடுங்கள். ஆகிவிட்டதென்றால் பிறந்த வருஷத்தைத் திருத்துங்கள். சட்டம் வரும்போது வரட்டும், இது இன்று மாலையே முடிகிற காரியம்.

மூன்று வயதுப் பேத்திக்கு யூடியூப் போட்டால்தான் சோறு இறங்குகிறது.
– ஒரு பாட்டி, செங்கல்பட்டு

இரண்டு முதல் நான்கு வயதுவரை திரை ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. போட்டே ஆக வேண்டுமென்றால் யூடியூப் கிட்ஸில், நீங்கள் தேர்ந்தெடுத்த வீடியோ மட்டும் வரும்படி வைத்துப் போடுங்கள். சாதாரண யூடியூபில் ஒன்று முடிந்து இன்னொன்று தானாக ஓடும், நீங்கள் அடுப்பங்கரைக்குப் போய் வருவதற்குள் எங்கேயோ போயிருக்கும். பிரபலமான கார்ட்டூன் பாத்திரங்களை வைத்தே வன்முறையும் அசிங்கமும் நிறைந்த வீடியோக்கள் குழந்தைகளுக்கென்று பரப்பப்பட்டது 2017-இல் உலகம் முழுக்க அம்பலமானது. வாசலில் ஒரு காக்கா, தெருவில் ஒரு நாய்க்குட்டி கிடைக்காமலா போகும்? அங்கே உட்கார்ந்து ஊட்டிப் பாருங்கள் அம்மா. நாலு நாள் அழுவாள்.

நான் எட்டாவது படிக்கிறேன். ஒரு அண்ணா கேமில் பழக்கம். இப்போது போட்டோ கேட்டுத் தொந்தரவு செய்கிறார். ஒன்று அனுப்பிவிட்டேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.
– ஊர், பெயர் எதுவும் வேண்டாம்

பாப்பா, நீ எழுதியது ரொம்ப நல்லது. இனி அவருக்கு எதுவும் அனுப்பாதே, பதிலும் போடாதே. மெசேஜை அழிக்காதே.

அவர் அண்ணா இல்லை. அண்ணன் தங்கையிடம் அப்படிக் கேட்க மாட்டான். கேட்டது அவர், குற்றம் அவருடையது. நீ அனுப்பிவிட்டதால் அது உன் குற்றமாக மாறிவிடாது.

வாயால் சொல்ல வரவில்லை என்றால் ஒரு தாளில் எழுது. மூன்று வரி போதும். "அம்மா, கேம்ல ஒரு ஆள் என் போட்டோ கேட்டு மிரட்டுறாரு. நான் ஒண்ணு அனுப்பிட்டேன். பயமா இருக்கு, என்கூட இரு." மடித்து, ராத்திரி அம்மா பாத்திரம் கழுவி முடித்துக் கை துடைக்கும்போது அவள் கையில் கொடு. பக்கத்திலேயே நில். அம்மா முதலில் சத்தம் போடலாம், அழலாம். அது பயத்தில் வருவது. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் சித்தியிடம் போ, இல்லையென்றால் உனக்குப் பிடித்த டீச்சரிடம் போ. யாருமே இல்லையென்று தோன்றினால் 1098. ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பார்கள்.

அம்மாவிடம் கொடுத்துவிட்டாய் என்றால், எனக்கு ஒரு வரி எழுதிப் போடு. பெயர் வேண்டாம். "கொடுத்துட்டேன்" என்று மட்டும் எழுது, போதும்.